வேடு கட்டிய குடம்

வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வட்டத்தைப் பிரிக்க என்ன நடைமுறை, ஜில்லாவைச் சேர்க்க என்ன நடைமுறை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நாம் போடும் எல்லைக்கோட்டைத் தண்ணீர் மதிப்பதில்லை என்பதை மட்டும் எந்த விதிநூலிலும் எழுதி வைக்கவில்லை. அதைத் தங்கைக்காக மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன இடத்தில் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. எங்கள் ஊர் திருமயத்துப் பக்கம். கண்மாய் பெருகிய வருஷங்களில் தண்ணீரை நாங்கள் ஒரு பொருளாகவே எண்ணியதில்லை. மாப்பிள்ளையின் ஊர் மீமிசலுக்குச் சற்று உள்ளே தள்ளியிருந்த விவசாயக் கிராமம். இன்று இரண்டும் ஒரே மாவட்டம். அன்று நாங்கள் திருச்சி ஜில்லா, அவர்கள் தஞ்சாவூர் ஜில்லா. தஞ்சாவூர் என்றாலே எங்கள் ஆட்களுக்குக் காவிரிதான். கடலோரத்துக்கு அந்த ஆறு வந்து சேராது என்பது கல்லூரியில் புவியியல் படித்துக்கொண்டிருந்த எனக்கும் தோன்றவில்லை. மனிதன் சூழலுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறான் என்று பரீட்சையில் எழுதி நல்ல மார்க்கு வாங்கியவன் நான்.

மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். தங்கை வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. ஆனால் நாங்கள் கிளம்பிய அன்று என் சட்டையை அவளே தேய்த்துக் கொடுத்தாள்.

அப்பா, தாய்மாமன், நான். அறந்தாங்கியில் பஸ் மாறி, இறங்கிய இடத்திலிருந்து வெயிலில் புழுதி பறக்க நடந்தோம். அந்த வீட்டு வாசல் பந்தலின் நிழலில் ஒரு பெரிய பித்தளைக் குடம் இருந்தது. வாயில் வெள்ளைத் துணியால் வேடு கட்டி, மேலே ஒரு செம்பைக் கவிழ்த்திருந்தார்கள். எங்கள் ஊரில் வாசலில் தண்ணீர் இருந்தால் அது கால் கழுவத்தான்.

மாமா குடத்தின் வேட்டை அவிழ்த்தார். "கால் கழுவுற தண்ணிக்கே துணி கட்டி வச்சிருக்காங்க. தஞ்சாவூர் ஜில்லான்னா சும்மாவா?" என்றபடி முழங்கால்வரை ஊற்றிக் கழுவினார். அப்பாவும் கழுவினார். நான் முகமும் கழுவி, வாயும் கொப்பளித்தேன். மாப்பிள்ளையின் ஆத்தா செம்பை வாங்கிக்கொள்ள வந்தவர், எங்களைப் பார்த்து நின்றுவிட்டு, "வாங்க" என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

பேச்சு நன்றாகத்தான் போனது. உச்சி சாய்ந்தும் சாப்பிடக் கூப்பிடவில்லை.

"எலை போட நேரமாகுமாங்க?" என்று மாமா கேட்டார்.

"தண்ணி வரணும்ங்க. ஒலைக்கும் குடிக்கவும் அந்தக் கொடந்தான் இருந்துச்சு. கெணறெல்லாம் இங்கிட்டு உப்பு. ஊத்துல காத்துக் கெடந்து மோந்தாந்தது" என்றார் மாப்பிள்ளையின் ஆத்தா.

உள்ளேயிருந்து இன்னொரு பெண்குரல் கேட்டது: "மாப்பிள்ளை பாக்க வந்தவுக காலு நல்லா வெளுத்திருச்சா, கேளுங்க அக்கா." யாரோ சிரிப்பை அடக்கினார்கள். மூவரும் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டோம்.

கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையே காவடியில் இரண்டு குடம் சுமந்து வந்தார். எங்களுக்காகப் போட்டிருந்த சலவைச் சட்டை தோளில் நனைந்து ஒட்டியிருந்தது. அப்பா எழுந்துவிட்டார்.

"நீங்க உக்காருங்க மாமா" என்று முதல் செம்பை அப்பாவிடமே நீட்டினார் மாப்பிள்ளை. அப்பா அண்ணாந்து குடித்தார். சொட்டுச் சிந்தாமல் அவர் குடித்து நான் பார்த்தது அன்றுதான்.

திரும்பும் பஸ்ஸில், "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றார் மாமா.

"நாம கேட்டமா?" என்றார் அப்பா.

அவர்கள் மனத்தில் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. சம்மதம் என்று ஆள் அனுப்பினார்கள். அப்பாவுக்குத்தான் அந்த வாசலில் மறுபடி நிற்க முடியவில்லை. அதை அப்படியே சொல்லவும் முடியவில்லை. "தண்ணி இல்லாத ஊருக்குப் பொண்ணைத் தர மாட்டேன்" என்று சொல்லி அனுப்பினார். எங்கள் குறை ஒரே வாக்கியத்தில் அவர்கள் ஊரின் குறையாகிவிட்டது. கேட்டவர்களெல்லாம் பொறுப்பான தகப்பன் என்று மெச்சினார்கள். மாமாவும் நானும் கூடவே தலையாட்டினோம்.

அன்று சாப்பாடு பரிமாறும்போது தங்கை கேட்டாள்: "அந்த ஊருல இருக்க பொம்பளைகளுக்கெல்லாம் அப்பன் இல்லையாப்பா?"

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவள் என் பக்கம் திரும்பினாள். நான் ரசம் கேட்டேன்.