மங்கம்மாளின் மடிக்கல்

புளி நிறுப்பதைப் பார்த்தாலே ஓய்வுபெற்ற நர்ஸ் காந்தாவுக்கு ஜவ்வாது மலை மங்கம்மாள் நினைவுக்கு வந்துவிடுவாள்.

1978-இல், மெலிந்துபோன முதியவர்களுக்குச் சத்துமாவு கொடுப்பதற்காக மலையில் எடை பார்த்தார்கள். எலும்பும் தோலுமாக நின்ற மங்கம்மாளுக்கு எடை சரியாக இருந்தது. அப்படியானால் மாவு கிடையாது. ஆனால் அவள் கைக்காப்பு முழங்கை வரை வழுக்கி ஓடியது; மடி மட்டும் கனத்துத் தொங்கியதைக் காந்தா கவனித்தாள்.

“மடியில இன்னா ஆயா?”

“கல்லு, நர்சம்மா. புளி போட்டா ஏவாரி தராசு கொறைச்சுத்தானே காட்டும்? என்னையும் கொறைச்சுடுவீங்கன்னு கட்டிக்கினு வந்தேன்.”

“இங்க கொறைஞ்சாத்தான் மாவு!”

“அட, கொறைஞ்சா குடுக்கற தராசும் கீதா!”

பொக்கைவாய் திறந்து சிரித்தாள். காந்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தலைமுறை தலைமுறையாக இவர்களை ஏய்த்த தராசுகளின் மேல் ஆத்திரம்தான் வந்தது. கல்லை இறக்கிவைத்து மறுபடி நிற்கச் சொன்னாள். முள் சரசரவென்று கீழே இறங்கியது. அன்று மங்கம்மாளின் மடியில் கல் இருந்த இடத்தில் மாவு போனது.