ஆரத்தி இல்லை, பரிசோதனை

எங்கள் பக்கத்து வீட்டுக் குணாளன் அங்கிளுக்கு நாற்பத்திரண்டு வயது. புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. கையில் ஒரு தாள் கொடுப்பார்கள். அதில் உள்ளதை வரிசையாகப் பார்த்து டிக் போட வேண்டும். தாளில் இல்லாததை யோசிக்கக் கூடாது. பதினேழு வருடங்களாக அதைத்தான் செய்கிறார்.

அவர் மனைவி தனுஜா ஆன்ட்டி, ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் அடுக்குமாடிப் பிள்ளைகளைத் தன் வீட்டுக்கு அழைத்து அறிவியல் விளையாட்டுகள் செய்து காட்டுவார். எல்லாவற்றையும் ஒரு பள்ளி நோட்டில் எழுதி வைத்திருந்தார். நான்கு மாதங்களுக்கு முன் காய்ச்சலில் இறந்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு, பழக்கத்தில் பிள்ளைகள் போய்க் கதவைத் தட்டினார்கள். என் தங்கை ஷஹீதாவும் இருந்ததால் நான் பின்னால் ஓடினேன். அங்கிள் எங்களைப் பார்த்தார். உள்ளே போய் நோட்டை எடுத்து, அடுத்த பக்கத்தைப் பிரித்தார்.

"ஒன்று. பாட்டிலில் வினிகர் ஊற்றவும். இரண்டு. சோடா மாவு போட்ட பலூனை வாயில் மாட்டவும்."

"யாரு வாயில அங்கிள்?" என்றாள் ஷஹீதா.

"பாட்டில் வாயில."

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. பலூன் உப்பியதும் நோட்டில் டிக் போட்டார். அதன் பிறகு எல்லா ஞாயிறும் அப்படித்தான் நடந்தது.

அவர் மகள் துளசிக்கு ஒன்பது வயது. அங்கிளுக்கு இரவு வேலை வரும் வாரங்களில் எங்கள் வீட்டில்தான் படுப்பாள். ஆன்ட்டியின் அக்கா நவமணிக்கு அது பிடிக்கவில்லை. பாலிக் புலாவில் அவர் வீடு பெரியது, பிள்ளைகள் இல்லை. துளசியை அங்கே கொண்டுபோய், பள்ளியையும் மாற்றிவிடுவதாக போனில் சொன்னார். "சரிக்கா" என்றார் அங்கிள். எது கேட்டாலும் அந்த நாட்களில் அவர் சரி என்றுதான் சொன்னார்.

நவமணி அக்கா வருவதாகச் சொன்ன நாளும் ஞாயிறுதான். துளசியின் துணிப்பை கதவோரம் இருந்தது. இருந்தும் பிள்ளைகள் வந்தார்கள், அங்கிள் நோட்டைப் பிரித்தார். மஞ்சள்தூளைத் தண்ணீரில் கரைக்கவும். வெள்ளைத் தட்டில் ஊற்றவும். சுண்ணாம்பைப் பெரியவர்தான் போட வேண்டும், பிள்ளைகள் தொடக் கூடாது. வெள்ளைத் தட்டு கிடைக்காததால் அவர் பூஜை அலமாரியிலிருந்த பித்தளைத் தட்டை எடுத்தார். கரண்டி நுனியால் சுண்ணாம்பைப் போட்டுக் கலக்கினார். மஞ்சள் தண்ணீர் இரத்தச் சிவப்பானது.

"வாவ்!" என்று பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்கும்போதே நவமணி அக்கா வாசலில் நின்றார்.

"என்னா குணா இது? ஆரத்தி கரைச்சு வச்சிருக்க?"

அங்கிள் தட்டைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது என்று நினைக்கிறேன். எனக்கு அன்றுதான் தெரியும். கல்யாணம், குழந்தை பிறப்பு என்று நல்ல காரியங்களுக்குத்தான் இந்தச் சிவப்புத் தண்ணீரைச் சுற்றுவார்களாம். சாவு நடந்த வீட்டில் ஒரு வருடத்துக்கு அந்தப் பேச்சே கூடாதாம்.

"என் தங்கச்சி போயி நாலு மாசம்தான் ஆகுது. யாருக்குச் சுத்தப் போற? புதுப் பொண்டாட்டிக்கா?"

"தாள்ல இருந்துச்சுக்கா. செஞ்சேன்."

"தாள்ல இருந்தா கிணத்துல குதிப்பியா?"

துளசி பாதி எலுமிச்சையை எடுத்து வந்து தட்டில் பிழிந்தாள். சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி மஞ்சளானது.

"பெரியம்மா, இது ஆரத்தி இல்லலா. அம்மா எழுதுன எக்ஸ்பெரிமென்ட். பாருங்க, போயிடுச்சு."

நவமணி அக்கா நோட்டை வாங்கிப் பார்த்தார். தங்கையின் கையெழுத்தில் விரலை வைத்தபடி நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு குரலைத் தணித்துக் கேட்டார்.

"உனக்கு ஒண்ணும் உறைக்கலையா குணா?"

"உறைக்கலக்கா. நாலு மாசமா ஒண்ணுமே உறைக்கல. சாப்பிடுறேன், வேலைக்குப் போறேன். அவ்ளோதான்."

"அப்புறம் பிள்ளைய எப்படி வளர்ப்ப? அதான் கூட்டிட்டுப் போறேங்கிறேன்."

அங்கிள் வழக்கம்போல சரி என்று சொல்லிவிடுவார் என்று நான் பயந்தேன். துளசியும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ போனாலும் எனக்கு உறைக்காதுக்கா. அதான் அனுப்ப மாட்டேன்" என்றார். "இப்ப அனுப்பிட்டா, எனக்கு உறைக்கிற அன்னைக்கு இவ இங்க இருக்க மாட்டா."

அவர் குரல் நோட்டைப் படிப்பது போலவே இருந்தது, ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. நவமணி அக்கா நோட்டை மூடி அவரிடம் கொடுத்தார். "வாரா வாரம் சனிக்கிழமை ராத்திரிக்கு நான் வந்து படுத்துக்கிறேன். சமைச்சும் வைக்கிறேன்" என்றார். "பள்ளி லீவுல மறுபடி கேப்பேன்."

"கேளுங்கக்கா."

துளசி பையைத் திறந்து பள்ளிச் சட்டையை மட்டும் வெளியே எடுத்து ஆணியில் மாட்டினாள். மற்ற துணிகள் பையிலேயே இருந்தன.