மகேஸ்வரன் பேரில் ஒரு சீட்டு

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் மகேஸ்வரன் அண்ணாச்சியும் நானும் வேலை பார்த்தோம். பொய் சொல்லத் தெரியாத மனிதர். லீவு வேண்டுமென்றால்கூடத் தலைவலி என்று எழுதமாட்டார். அப்படிப்பட்டவர் தொண்ணூற்றாறில் ஒரு பொய்க்கு என்னையும் கூட்டுச் சேர்த்தார்.

அவர் மனைவி நீலாம்பாளுக்கு, நான் மதினி என்பேன், ஈரலில் புற்றுநோய். திருவனந்தபுரத்தில் பார்த்துவிட்டு, இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு அண்ணாச்சி நூலகமே கதியென்று கிடந்தார். மனநோய்க்குக் கொடுக்கும் மாத்திரை ஒன்று, கண்ணாடித் தட்டில் வைத்த புற்றுநோய்ச் செல்களை வளரவிடாமல் தடுத்ததாக ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகையில் கண்டார். அதைக் கிழித்துப் போடலாம் போலிருந்தது எனக்கு.

“தட்டுல நடக்கதெல்லாம் உடம்புல நடக்குமா, அண்ணாச்சி?” என்று கத்தினேன்.

“நடக்காதுன்னு நீ எழுதித் தா. விட்டுருதேன்.”

மறுநாள் அவரோடு நானும் மருந்துக்கடைக்குப் போனேன்.

கடைக்கார நூர்முகம்மது டாக்டர் சீட்டில்லாமல் தர மறுத்தார். அதனால் அண்ணாச்சியே புத்தி பேதலித்தவராக நடிப்பது, கிடைக்கும் மாத்திரையை மதினிக்குக் கொடுப்பது என்று முடிவாயிற்று. ஆனால் மனநோய் டாக்டரிடம் வீட்டு ஆள் ஒருவர் வந்து விவரம் சொல்ல வேண்டும். எலும்பும் தோலுமாகக் கிடந்த மதினியை ஆட்டோவில் தாங்கிக்கொண்டு போனோம். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு.

“வீட்ல எப்படி இருக்காரு?” என்று டாக்டர் கேட்டார்.

நாங்கள் சொல்லிக்கொடுத்த எதையும் மதினி சொல்லவில்லை.

“தூங்கவே மாட்டக்காவ. என் மூக்குக்கிட்ட விரல வச்சு மூச்சு வருதான்னு பாத்துக்கிட்டே இருக்காவ. சோறு எறங்கல. அடுக்களைல நின்னு தனியா பேசுதாவ. எனக்குப் பயமா இருக்கு டாக்டர். எனக்குப் பொறவு இவ்வொளுக்கு யாரு இருக்கா?”

அண்ணாச்சி நடிக்கவே வேண்டியிருக்கவில்லை. தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். டாக்டர் அந்த மாத்திரையையே எழுதினார்.

வீடு வந்ததும் அண்ணாச்சி ஒரு மாத்திரையைப் பிரித்து மதினியிடம் நீட்டினார். மதினி அதை வாங்கி, தண்ணீரையும் எடுத்து, அவர் வாயருகே கொண்டுபோனார்.

“உங்களுக்குத்தான எழுதியிருக்கு? முழுங்குங்க. நான் இருக்கும்போதே பாத்துக்கிடுதேன்.”

வேண்டாமென்று தலையாட்டி அழுதார் அண்ணாச்சி. மதினி கையை எடுக்கவில்லை. கடைசியில் விழுங்கினார்.