துளசி அலசிய தண்ணீர்

அக்கா ஆண்டவரில் இளைப்பாறி ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு நல்ல வார்த்தை நாலு எழுதித் தரும்படி வீட்டில் கேட்டார்கள். கூடப் பிறந்த தம்பி என்ற முறையில் எழுதுகிறேன். ஆத்திரமும் கூடவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது ராயபுரம். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அம்மா சீக்கிரமே போய்விட, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு எனக்குச் சோறு பொங்கிப் போட்டவர் அக்கா. ரயில்வேயில் கலாசியாக இருந்த மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டு எண்ணூருக்கு வந்தார். ஆலைச் சுவருக்குப் பின்னால் வீடு. மாமா காலமான பிறகும் அங்கிருந்து நகரவில்லை.

பெருமாள் கோயிலுக்குப் போகிற பக்கத்து வீட்டம்மா கொடுத்த ஒரே ஒரு துளசி நாற்றைத்தான் அக்கா நட்டார். பிறகு நடவே இல்லை. கதிர் காய்ந்து விதை உதிர்ந்த இடமெல்லாம் தானாக முளைத்தது. துவைக்கிற கல்லடியில், கக்கூஸ் சுவரோரம், ஓட்டை டிரம்மில், மாதா சிலை வைத்த கெபியைச் சுற்றி. "நம்ம வூட்ல இன்னாத்துக்குத் துளசி?" என்று சொந்தக்காரர்கள் மூக்கைச் சுளித்தபோது, "இருமலுக்கு இன்னா வேதம் கீது?" என்று வாயை அடைத்தார்.

காலையில் கதவைத் திறந்தால் தெருவில் யாராவது ஒருவர் நிற்பார். "யக்கா, ரெண்டு கொத்து குடுக்கா, புள்ள இருமிகினே கீது." அக்கா வெறும் இலையாகத் தரமாட்டார். அண்டாவில் போட்டு, தண்ணீர் தெளியும்வரை அலசி, இஞ்சியும் மிளகும் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்துத்தான் தருவார். அலசிய தண்ணீர் சாம்பல் கரைத்தது போலிருக்கும். சாம்பல்தான் அது, ஆலைப் புகைபோக்கி கக்கியது.

ஒருமுறை ஆலை அதிகாரி ஒருவர் கேமராக்காரரோடு வந்தார். செடி வளர்க்கிற வீட்டுக்குக் கேடயமாம். அக்கா அந்தத் தண்ணீரை டம்ளரில் மொண்டு நீட்டினார். "மொதல்ல இத்தக் குடி சார். அப்பால போட்டோ புடிக்கலாம்." அவர் கேடயத்தோடு திரும்பிப் போனார்.

பிறகு, ஆலையைப் பெரிதாக்கப் போவதாகக் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். வருகிறோம் என்று தெருவே சத்தியம் செய்தது. அன்று காலையிலும் நீங்கள் எல்லோரும் வந்து கசாயம் குடித்துவிட்டுத்தான் போனீர்கள். கூட்டத்துக்கு மட்டும் நம் தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை. முகத்தைக் காட்டினால் பையனுக்குக் காண்ட்ராக்ட் வேலை போய்விடும் என்ற பயம். பயம் எனக்கும் புரிகிறது. கோபம்தான் போகமாட்டேன் என்கிறது.

நானும் அக்காவும் துளசி அலசிய தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு போனோம். மைக்கைப் பிடித்ததும் அக்காவுக்கு இருமல் வந்தது. நிற்கவேயில்லை. "டைம் ஆச்சும்மா, அடுத்தவங்க வாங்க" என்றார் மேடையில் இருந்தவர். அக்கா கருத்து எதுவும் சொல்லவில்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

அதன்பின் இழுப்பு அதிகமானது. பெரியாஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு, "தெருவுல இருமறவங்களுக்கு யாருடா கசாயம் வெச்சித் தராங்க?" என்று கேட்டார். அவர் மீதே எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அடக்கத்தன்று என் காதுபடவே, "துளசிய வெச்சிகினே இப்டிப் போய்ட்டாங்களே" என்றார்கள். துளசிக்கு இருமல் கேட்கும். புகைபோக்கி கேட்குமா?

இனி நன்றி. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஓட்டி வந்த நண்பருக்கு நன்றி. கடைசி எண்ணெய்ப் பூசுதல் கொடுத்த பங்குத்தந்தைக்கு நன்றி. கூட்டத்துக்கு வராவிட்டாலும், கடைசிவரை அக்காவின் துணியைத் துவைத்துப் போட்ட பக்கத்து வீட்டம்மாவுக்கு நன்றி. தெருவுக்கு நன்றி சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

துளசி மண்டிக் கிடக்கிறது. கேட்காமலே பறித்துக்கொள்ளுங்கள், நன்றாக அலசிக் குடியுங்கள். அடுத்த மாதம் மறுபடியும் கூட்டம் வைக்கிறார்கள். பேசத் தெரியாது என்று சாக்குச் சொல்லாதீர்கள். வந்து, மைக்குக்கு முன்னால் நின்று, ஒவ்வொருவராக இருமுங்கள். அதை என்னவென்று எழுதிக்கொள்கிறார்கள், பார்ப்போம்.