நூறு எண்ணும் வரை

அப்பா செத்த பதினாறாம் நாள், மாலை போட வீட்டில் அவர் படம் ஒன்றுகூட இல்லை. கல்யாணப் படம் எப்போதோ மழைத் தண்ணீரில் ஊறிப் போய்விட்டது. பீரோ நிறைய நெகட்டிவ் இருந்தது. எல்லாம் ஏரி, பனைமரம், மேகம். ஒன்றில் மட்டும் அவர் இருந்திருப்பார். அதை நான்தான் கெடுத்தேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பாவுக்கு லேத் பட்டறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் கேமராவும் ஸ்டாண்டுமாகக் கிளம்பிவிடுவார். கருப்பு வெள்ளைதான். மனிதர்களை எடுக்கவே மாட்டார். "மூஞ்சி புடிக்கக் கடை கீது. இத்த யாரு புடிப்பா?" என்பார்.

லென்ஸில் கறுப்புக் கண்ணாடி மாட்டி, நூறு எண்ணும்வரை திறந்தே வைப்பார். அலையெல்லாம் அழிந்து, படத்தில் தண்ணீர் பால் மாதிரி விழும். நடுவில் எருமையோ ஆளோ வந்து நின்றால் லென்ஸை அட்டையால் மறைத்து, எண்ணுவதை நிறுத்த வேண்டும். போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். அட்டை என் பொறுப்பு. பள்ளிக்கூடத்தில் வராத கணக்கு எனக்கு ஏரிக்கரையில் வந்தது.

அன்று இரும்புலியூர் ஏரி. "எண்ணு கண்ணு, நூறு வரைக்கும் வுடாத," என்று சொல்லிவிட்டு அப்பா தண்ணீர் ஓரத்துப் பாறைக்கு நடந்தார். அதன்மேல் ஏறி என் பக்கம் திரும்பி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே நிற்பது ஆளா மரமா என்று அவருக்குத் தெரியாது.

நான் பன்னிரண்டில் இருந்தேன். அட்டையை வைத்தேன். அவர் நின்றார், நின்றுகொண்டே இருந்தார். சொல்லிக் கொடுத்தவருக்கே ஒழுங்கு தெரியவில்லையே என்று எனக்கு எரிச்சல். அவர் இறங்கி ஒதுங்கிய பிறகுதான் பதின்மூன்று என்றேன்.

"இன்னா, இன்னும் எண்ணிக்கினே கீற?" என்று சிரித்தார்.

குளியலறையில் சிவப்பு பல்பைப் போட்டுப் படத்தைக் கழுவினார். தட்டில் கிடந்த தாளில் ஏரித் தண்ணீர் வந்தது, பனைமரம் வந்தது, பாறை வந்தது. அவர் குனிந்து இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் எங்க?"

"நீதான் குறுக்க வந்து நின்னுட்டியே! அட்ட வெச்சு மறைச்சிட்டேன்."

படத்தைத் தட்டிலிருந்து எடுத்துத் தண்ணீரில் அலசினார். பிறகு, "கரெக்டாத்தான் பண்ணிகீற," என்றார். அந்தப் படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். மறுபடி ஒருநாளும் அவர் போய் நிற்கவில்லை.

பதினாறாம் நாள் அதற்குத்தான் மாலை போட்டேன். "ஏரிக்கா மால போடற? பைத்தியமாடி ஒனக்கு?" என்று பெரியம்மா கத்தினாள்.

ஏரிக்கு எப்போதும் பழைய லுங்கியில் போகிறவர், பாறையில் ஏறி நின்ற அன்றைக்கு அம்மாவிடம் தேய்த்த வெள்ளைச் சட்டை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். வழியெல்லாம் தலையை வாரிக்கொண்டே வந்தார். சேற்றுக்குப் போக எதற்கு வெள்ளைச் சட்டை என்று நான் கேட்கவேயில்லை.