நொண்டி நாலு

பழைய ராணுவ மோட்டார் சைக்கிள்களுக்கு அசல் சான்று கொடுக்கும் சங்கத்தில் அவளுக்கு லென்ஸ் மேடம் என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டாள். யார், எந்தத் தேதியில் சொன்னார்கள் என்று மனதில் குறித்து வைத்துக்கொள்வாள், அவ்வளவுதான்.

சங்கம் என்றால் டயர் கடைக்கு மேலே இரண்டு அறை. ஒன்றில் செயலாளரும் அவருடைய இருமலும். இன்னொன்றில் இவளும் நான்கு இரும்பு அலமாரிகளும். பத்தொன்பது வருடத்துக்கு முன் தட்டச்சு செய்ய வந்தவள். வண்டிக்காரர்கள் எழுதிக் கொடுக்கும் என்ஜின் எண்ணை அப்படியே அடித்துக் கொடுப்பதுதான் வேலை. வந்த மாதமே ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு போய், "சார், இந்த வருஷத்து வண்டிக்கு இந்த நம்பர் வராதே" என்றாள். போய்ப் பார்த்தார்கள். வரவில்லைதான். மறுநாள் செயலாளர் ஒரு லென்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டுத் தட்டச்சு இயந்திரத்துக்கு உறை போட்டுவிட்டார்.

அவள் வேலையைப் புரிந்துகொள்ள ஒரு பொறியாளர் படிப்பெல்லாம் வேண்டாம். போர்க்காலத்து வண்டி ஒவ்வொன்றுக்கும் என்ஜினின் அலுமினிய உடம்பில் ஓர் எண் குத்தியிருக்கும். ஏதோ ஒரு குப்பை என்ஜினை எடுத்து, அதிலுள்ள எண்ணைத் தேய்த்து அழித்து, பஞ்ச் என்கிற இரும்பு அச்சும் சுத்தியலுமாக உட்கார்ந்து வேறு எண்ணைக் குத்திவிட்டால், கண்ட வண்டியும் போருக்குப் போய் வந்த வண்டியாகிவிடும். அதைக் கண்டுபிடிப்பவள் இவள். எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுப்பாள். பிறகு லென்ஸை வைத்து எழுத்தின் பள்ளத்துக்குள் பார்ப்பாள். அலுமினியம் வருடக்கணக்கில் பூத்துப் பூத்து, பள்ளத்தின் அடியில் வெள்ளையாக, சுண்ணாம்பு மாதிரி இறுகிக் கிடந்தால் பழைய குத்து. பள்ளம் பளபளவென்றிருந்தால் போன வருடக் குத்து. வண்டிக்காரர் தாத்தா சத்தியம், தலைமேல் சத்தியம் என்று எது பண்ணினாலும் காதில் வாங்க மாட்டாள். மனுஷன் வாய் பொய் பேசும், உலோகம் பேசாது என்பது அவள் கட்சி. மாத்திரை அட்டையில் தேதியை மூன்று தரம் பார்க்காமல் தலைவலிக்குக்கூட மாத்திரை போடாத பெண்ணிடம் வேறென்ன எதிர்பார்ப்பது.

எட்டு வருடத்துக்கு முன் நொண்டி நாலு வந்து சேர்ந்தான். ஒரு வண்டியின் எண்ணில் நாலு மட்டும் கால் ஒடிந்து, நொண்டுவது போல் நின்றது. குத்திய பஞ்ச் அச்சின் முனை உடைந்திருக்கிறது. பள்ளம் பளபளத்தது, போலி. ஆறு மாதம் கழித்து வேறொருவரின் வண்டியில் அதே நாலு. அதுவும் போலி. அப்புறம் பள்ளத்துக்குள் பார்ப்பதே நின்றுபோயிற்று. அந்த நாலைக் கண்டால் போதும், ஆள் யாரென்று தெரிந்துவிட்டதே. அந்தப் போலிக்காரனுக்கு அவள் மனதில் முகமே முளைத்துவிட்டது. தடித்த விரல்கள், மெல்லிய மீசை, வேலை செய்யும்போது முணுமுணுவென்று பாட்டு. "என் முகத்தை இவ்வளவு விவரமா சொல்லுவியா நீ?" என்று வீட்டுக்காரர் கேட்டார். யோசித்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு மீசை இருக்கு" என்றாள்.

பதினோராவது நொண்டி நாலு அத்தானின் வண்டியில் இருந்தது.

அத்தான் என்றால் அக்காவின் புருஷன். தண்ணீர்க் குழாய் பழுது பார்ப்பவர், அதிகம் பேசாதவர். காயலான் கடையில் துருப்பிடித்த ஓர் என்ஜினையும் வளைந்த சட்டத்தையும் கண்டெடுத்து, ஏழு வருடம் வீட்டுப் பின்கட்டில் அந்த வண்டியைக் கட்டினார். அக்கா முதல் இரண்டு வருடம் சண்டை போட்டாள், அடுத்த ஐந்து வருடம் விளக்குப் பிடித்தாள். மூன்று வருடத்துக்கு முன் சங்கத்தின் கண்காட்சி மைதானத்தில், உறவும் ஊரும் பார்த்துக்கொண்டிருக்க, லென்ஸ் மேடம் வண்டிக்குப் பக்கத்தில் குனிந்தாள். நாலைப் பார்த்தாள். பென்சில் படி மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். சொந்த அத்தானுக்குச் சலுகை காட்டினாள் என்று ஒரு சொல் வந்துவிடக் கூடாதே என்ற பதற்றம் வேறு. "போலி" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

யாரோ சிரித்தார்கள். ஏமாந்தவர் என்று சிலர் நினைத்தார்கள், ஏமாற்ற வந்தவர் என்று பலர். அத்தான் வண்டியைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போனார். அன்றிலிருந்து அக்கா இவளோடு பேசுவதில்லை. வீட்டுக்கு வந்தால் கதவைத் திறப்பாள், "உங்க மச்சினி வந்திருக்காங்க" என்று புருஷனுக்குச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். கூடப் பிறந்தவளை 'வந்திருக்காங்க' என்று மரியாதையாகச் சொல்வதைவிடக் கெட்ட வார்த்தை இருக்க முடியாது. மூன்று வருடம் அதைக் கேட்டுக் கேட்டு அவள் நெஞ்சு ரணமாகியிருந்தது. ஆனாலும் தான் சொன்னது சரி என்ற தெம்பு இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை அந்தத் தெம்புக்கும் ஆபத்து வந்தது. ராணுவக் கிடங்கு ஒன்றைக் காலி செய்கிறார்கள், பெட்டிகளைப் பார்த்துப் பட்டியல் போட வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். ஈய முத்திரை உடையாத மரப்பெட்டி. போர் முடிந்த அடுத்த வருடத் தேதி. உள்ளே மெழுகுத்தாள் சுற்றிய ஓர் என்ஜின், ராணுவப் பட்டறையில் பழுது பார்த்து வைத்தது. அவள் தாளைப் பிரித்தாள். கால் ஒடிந்த நாலு அவளைப் பார்த்துக்கொண்டு நின்றது.

முதலில் தன் கண்ணைச் சந்தேகப்பட்டாள். பிறகு லென்ஸை. முத்திரையைத் திரும்பத் திரும்பத் தடவினாள். அவள் பிறப்பதற்கு முன் ஆணியடித்து மூடிய பெட்டிக்குள் மெல்லிய மீசைக்காரன் எப்படி நுழைந்தான்?

"அந்தக் காலத்துல பழுது பாத்த என்ஜினுக்குப் பட்டறையிலயே நம்பர் குத்திருவாங்கம்மா" என்றார் கிடங்கு எழுத்தர். "பஞ்ச் உடைஞ்சா அதையே வெச்சுத்தான் ஓட்டுவாங்க. புதுசு கேட்டா யாரு குடுப்பா?"

"அந்தப் பஞ்ச் எல்லாம் இப்ப எங்க?"

"பட்டறைய மூடுனப்ப பழைய இரும்போட இரும்பா ஏலத்துல போயிருச்சு. யாரு எடுத்தாங்களோ."

அங்கேயே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். அப்படியென்றால் அதே உடைந்த அச்சை ராணுவமும் குத்தியிருக்கிறது, பின்னால் அதை வாங்கிய போலிக்காரனும் குத்தியிருக்கிறான். பதினொன்றில் எது யாருடையது? பள்ளத்தைப் பார்த்தது முதல் இரண்டில் மட்டும். மிச்சம் ஒன்பது பேரை ஒரு நாலை நம்பி நாலு பேர் நடுவில் தலைகுனிய வைத்திருக்கிறாள். செயலாளரிடம் சொன்னபோது அவர் இருமி முடித்துவிட்டு, "கெணறு வெட்டப் போயி பூதத்தக் கெளப்பாதீங்க, மேடம்" என்றார். அன்று அவள் வழக்கமான பேருந்தை விட்டுவிட்டு வேறு எதிலோ ஏறி, எங்கேயோ இறங்கி, நடந்து வீட்டுக்கு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வீட்டுக்குப் போனாள். கைப்பையில் லென்ஸ். வெள்ளை இருந்தால் அசல். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அதையும் சொல்லிவிடலாம். அக்கா பேசுவாள். வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு போனாள்.

"உங்க மச்சினி வந்திருக்காங்க" என்றாள் அக்கா.

அத்தான் பின்கட்டில் ஒரு குழாய்க்கு மரை போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு வண்டிமேல் கிடந்த தார்ப்பாயை விலக்கினார். அவள் லென்ஸோடு குனிந்தாள். எண் இருந்த இடம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது.

"என்ன அத்தான் இது?"

"அன்னிக்கே கிரைண்டர் வெச்சு அழிச்சிட்டேன். நீயே பொய்னு சொல்லிட்ட, அப்புறம் அந்தப் பொய்ய வண்டில வெச்சுக்கிட்டுத் திரியணுமா?"

அவர் இவளோடு சண்டை போட்டிருக்கலாம், சங்கத்தின்மேல் வழக்குப் போட்டிருக்கலாம். ஏழு வருடம் பார்த்த தன் கண்ணை விட்டுவிட்டு, ஒரு நிமிடம் குனிந்த இவள் வாயை நம்பியிருக்கிறார். இனி பார்க்க ஒன்றும் இல்லை. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக ஒரு மனிதரிடம் கேட்டாள்.

"அந்த நம்பருக்குள்ள ஏதாவது இருந்துச்சா அத்தான்? அழுக்கு மாதிரி?"

"இருந்துச்சே. வெள்ளையா அடச்சுக் கெடந்துச்சு, கல்லு மாதிரி. பிரஷ் போட்டா போகல. கண்காட்சிக்கு மொத நாளு ஊசி வெச்சு ஒவ்வொண்ணா குடைஞ்சு எடுத்தேன். ரெண்டு ஊசி முறிஞ்சுபோச்சு, அப்படியும் மூலையில கொஞ்சம் ஒட்டிக்கிட்டுத்தான் இருந்துச்சு."

"எதுக்கு எடுத்தீங்க?"

"நீ வந்து பாக்கப் போற. உனக்குப் படிக்கச் சுலபமா இருக்கட்டுமேன்னுதான்."

அக்கா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் எப்போது வந்தாள் என்று தெரியாது.

ஒன்றுமில்லை, சும்மா கேட்டேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாமா என்று இவள் நினைத்தாள். பொய் வண்டி என்று நம்பித்தான் மனுஷன் நிம்மதியாக இருக்கிறார். உண்மையைச் சொன்னால் அவர் பெயர் துலங்கும். ஆனால் அழித்தது அவர் கை. சொல்வது நல்லதா, சொல்லாமல் இருப்பது நல்லதா? லென்ஸைக் கைப்பையில் போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள். இதைப் பார்த்துச் சொல்ல எந்த லென்ஸ் இருக்கிறது.

"வெள்ளை இருந்தா பழசு அத்தான்" என்றாள். "நீங்க ஏமாறல. ஏமாத்தவும் இல்ல. நான்தான் சரியா பாக்கல."

அத்தான் அந்த வழவழப்பான இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். விரலை வைக்கப் போனவர் வைக்காமல் எடுத்துக்கொண்டார்.

"அப்ப, நெஜ நம்பரையா அழிச்சேன்?"

"ஆமா அத்தான்."

அவர் கீழே உட்கார்ந்துவிட்டார். அழிந்தது அசல்தான் என்று காட்ட இவளிடம் ஒரு சான்றும் இல்லை. ஒரு மனிதரின் வாய்ச்சொல்தான் இருந்தது. அதை முழுசாக நம்பினாள், ஏன் நம்புகிறாள் என்றுதான் விளங்கவில்லை.

"அன்னிக்கே ஒரு நிமிஷம் நின்னு பாத்திருக்கலாமேடி, பாவி" என்றாள் அக்கா.

மூன்று வருடத்தில் அக்கா அவளிடம் நேராகப் பேசியது இதுதான். அவளுக்கு அழுகை வந்தது. எதற்காக அழுகிறோம் என்று தெரியாமலே அழுதாள்.