வாவிக்கு முதுகு காட்டி நடந்தவர்

இந்த வருடக் கண்டிச் சுற்றுலாவுக்குப் பெற்றோரின் சம்மதக் கடிதங்களை வகுப்பில் வாங்கிக்கொண்டிருந்தபோதுதான் பண்டாரவளையிலிருந்து போன் வந்தது. பிலோமினா டீச்சர் காலையில் காலமாகிவிட்டார் என்று அவருடைய மகள் சொன்னார். பாதிக் கடிதங்களை வாங்காமலே வெளியே வந்து மைதானத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். உட்கார முடியவில்லை. இதை எழுதும்போதும் நாலு தடவை எழுந்துவிட்டேன்.

ஹாலிஎலவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் அவரிடம் படித்தவர்களுக்கும், என்னைப் போல அவரோடு படிப்பித்தவர்களுக்கும் இது தெரியும்: கண்டியில் டீச்சர் பின்பக்கமாகத்தான் நடப்பார். முகம் பிள்ளைகள் பக்கம், முதுகு புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகை பக்கம். விரல் தலைகளை எண்ணிக்கொண்டே போகும். பேராதனைப் பூங்காவிலும் அப்படித்தான். நான் கிண்டல் செய்தால், "லயத்துல ஒவ்வொரு வீட்டு அம்மாவும் என் கையில புடிச்சுக் குடுத்துத்தான் அனுப்புறாங்க சார். மாளிகை எங்கயும் ஓடிப்போகாது" என்பார்.

அவர் ஓய்வு பெறுமுன் போன கடைசிச் சுற்றுலாவில் நான் விடவில்லை. இத்தனை வருடம் வந்தும் நீங்கள் மாளிகைக்கு முன்னால் இருக்கிற வாவியை ஒழுங்காகப் பார்த்ததில்லை, இன்றைக்கு நான் எண்ணுகிறேன் என்று வற்புறுத்தினேன். அரைமனதாகச் சம்மதித்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, கரையின் வெள்ளைச் சுவரில் கையூன்றித் தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். ஐந்து நிமிடம் இருக்கும்.

அதற்குள் நான் மாளிகையின் எண்கோண மண்டபத்தைப் படம் எடுக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து எண்ணினால் ஒரு பிள்ளையைக் காணோம். டீச்சரிடம் சொன்னேன். வெறுங்காலோடு ஓடினார். மீனுக்குப் பொரி போடுகிற கூட்டத்துக்குள் நின்ற சிறுமியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். யாரையும் ஏசவில்லை. ஆனால் பஸ் ஏறும்வரை வாவிப் பக்கம் திரும்பவே இல்லை.

பஸ்ஸில் மன்னிப்புக் கேட்டேன். "அந்த மண்டபம் அழகா இருந்துச்சா சார்?" என்று கேட்டார். குத்திக் காட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

பிறகு கண்டிக்கு ரயிலில் கூட்டிப்போகிறேன் என்று பலமுறை சொல்லிப் பார்த்தேன். பிள்ளைகள் இல்லாமல் அங்கே எனக்கென்ன வேலை என்று சிரித்துவிடுவார். அந்த ஐந்து நிமிடத்தைக் கெடுத்தவன் நான். அதுதான் என்னை உட்கார விடமாட்டேன் என்கிறது.

அடக்கத்துக்கு மறுநாள் மீதிக் கடிதங்களை வாங்கினேன். டீச்சரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது எண்ணுகிற அந்த விரலைத்தான். அடுத்த மாதம் வாவிக்கரையில் பிள்ளைகளைப் பார்த்தபடி பின்பக்கமாக நடப்பேன். வாவி எப்படி இருந்தது என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வேன்.